அப்பாவுக்கு ஒரு படப் புத்தகம்

அண்ணன் கிள்ளானிலிருந்து ஓட்டிவந்த காடியின் சாவியைக் கண்ணாடி மேசைமேல் போட்டார். அந்தச் சத்தத்துக்கு அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே ஜெலுத்தோங் சாலையில் பசாருக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. பசியாற நான் வாங்கி வைத்திருந்த ரொட்டி சானாய் ஆறிப்போய்க் கிடந்தது. பருப்புக் குழம்பின்மேல் ஆடை படர்ந்திருந்தது. மூன்று பேரில் ஒருவரும் தட்டைத் தொடவில்லை.

"அப்பா," என்றார் அண்ணன், காது கேட்காதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "இன்னிக்கு நாம கிள்ளானுக்குப் போறோம். என் வீட்டுக்கு. அங்கயே இருக்கப் போறீங்க. சரியா?"

"ஆமா," என்றார் அப்பா.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மாலதி? அவரே சொல்லிட்டாரு."

நான் அப்பாவுக்கு நேராகக் குனிந்தேன். "அப்பா, நீங்க பினாங்குலயே இருக்கீங்களா? என்கூட, இந்த வீட்டுல?"

"ஆமா," என்றார் அப்பா.

அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய இடது கை மேசைமேல் நகர்ந்து, பக்கத்தில் இருந்த புத்தகத்தைத் தேடிப் பிடித்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மெல்லிய படப் புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி.

"அவர் என்ன சின்னப் பிள்ளையா லா?" என்றார் அண்ணன் மெதுவாக. "ஏன் இதைக் கொடுத்து வச்சிருக்கே?"

அதற்கு நான் பதில் சொன்னால் அந்தக் காலை முழுவதும் போதாது. ஆனால் உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று மொழிகள் போன மாலை

அப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சாட்சி சொல்கிறவர்களின் வார்த்தைகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் நீதிபதிக்குச் சொல்வார். நீதிபதி கேட்பதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் மூன்று மொழிப் பத்திரிகைகளையும் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து வரி விடாமல் படிப்பார்.

அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் நானும்தான். அண்ணன் கிள்ளானில் குடும்பத்தோடு இருக்கிறார். நான் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தபோது அப்பா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகை தலைகீழாக இருந்தது.

"என்னப்பா, புது மாதிரியாப் படிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கிரில் கதவைத் திறந்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பத்திரிகையின் வலது ஓரம் கையிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்க வேண்டும் என்றுகூட அந்தக் கைக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பேசவே இல்லை.

பக்கவாதம் வலது கையையும் காலையும் பாதி எடுத்துக்கொண்டது. பேச்சை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. பல நாள் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. அதுதான் அந்த "ஆமா."

தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. வலிக்கிறதா, வலி போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு நாள் இளம் டாக்டர் ஒருவர் சோதித்துப் பார்ப்பதற்காக, "அங்கிள், நீங்க ஒரு பெண்ணா?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமா," என்றார் அப்பா.

சொன்ன மறுகணமே அவர் முகம் சிவந்தது. கண்களை மூடிக்கொண்டார். தான் சொன்னது தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே எல்லாம் தெளிவாக இருந்தது. வெளியே வருவதுதான் வேறாக வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் மிஸ் லிம் என்ற சீனப் பெண். பொறுமையானவர். மலாயிலும் ஆங்கிலத்திலும் அட்டைகளைக் காட்டிப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

"இவருக்குச் சின்ன வயதில் முதலில் வந்த மொழி எது?" என்று என்னிடம் கேட்டார்.

"தமிழ்."

"எனக்குத் தமிழ் தெரியாது. இங்கே தமிழில் அட்டையும் இல்லை. நீங்கள் ஒன்று செய்யுங்கள். பிள்ளைகள் முதன்முதலாகப் படிக்கிற படப் புத்தகங்கள் இருக்கும், இல்லையா? அதை வைத்து வீட்டில் தினமும் அவரோடு சேர்ந்து படியுங்கள்."

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது," என்றேன்.

மிஸ் லிம் அட்டைகளை அடுக்கி வைத்தார். பிறகு, "அப்படியானால் இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்குங்கள்," என்றார்.

கையும் ஓடல, காலும் ஓடல

மொழிபெயர்ப்பாளரின் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் மட்டுமல்ல, எல்லோரும் கேட்பார்கள். நானும் அண்ணனும் மலாய்ப் பள்ளியில் படித்தோம். அப்பா முடிவு செய்தது அது. "தமிழ் எங்க போயிடப் போகுது, வீட்டுலதான் பேசுறோம்ல," என்பார். அம்மாவும் சரி என்றாள். பேசினோம். எழுத்து மட்டும் வரவில்லை. கடைப் பெயர்ப் பலகைகளில் இருந்த தமிழ் எனக்குக் கோலம் மாதிரிதான்.

அவருடைய தொழில் எவ்வளவு கறாரானது என்பதை அவர் வீட்டில் சொன்ன ஒரு வழக்கிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

சிபெராங் பிறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் சாட்சி சொல்ல வந்திருந்தார். பக்கத்து வீட்டில் திருடன் நுழைந்ததைக் கண்ணால் பார்த்தவர். "அவனைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல," என்றார். அப்பா அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டார். "இந்த அம்மாவுக்குக் கை கால் விளங்காதா? அப்படியானால் உடல்நலமில்லாதவரின் சாட்சியை எப்படி நம்புவது?"

அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் கூண்டில் நடுங்கிக்கொண்டு நின்றார். அப்பா எழுந்து நீதிபதியிடம் அனுமதி கேட்டார். வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல, உட்காரச் சொல்லுங்கள் என்று ஆட்சேபித்தார். அப்பா உட்காரவில்லை. "அவர் சொன்ன சொல்லைச் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று சொல்லாமல் விட்டால் நான் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன்," என்றாராம்.

நீதிபதி அனுமதித்தார். பயத்தில் திகைத்துப் போனேன் என்பதுதான் பொருள் என்று அப்பா விளக்கினார். கூண்டிலிருந்து இறங்கி வரும்போது அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து அழுதாராம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சொல்லோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். அப்பாவுக்குப் பசி என்பேன் நான். இல்லை, களைப்பு என்பார் தொலைபேசியில் பார்க்கும் அண்ணன். இருவரையும் மறுக்க அவரிடம் வார்த்தை இல்லை.

மாடா, புல்லா?

எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளிப் பரமேஸ்வரி டீச்சர் இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். விஷயத்தைக் கேட்டதும் ஒரு துணிப் பை நிறையப் பழைய படப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓரங்களில் பசைநாடா ஒட்டியிருந்தது. சில பக்கங்களில் யானைக்கு யாரோ மெழுகு வண்ணத்தில் மீசை வரைந்திருந்தார்கள். பிள்ளைகளின் கைபட்ட புத்தகங்களுக்கென்று ஒரு வாசனை உண்டு, பென்சில் சீவலும் பிஸ்கட்டும் கலந்தது. அது இருந்தது.

முதல் புத்தகத்தை அப்பாவின் முன்னால் விரித்து வைத்தேன். அட்டையில் பலூன் பிடித்த ஒரு கரடிக்குட்டி.

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் ஒரே வீச்சில் தள்ளினார். புத்தகம் கோப்பிக் கோப்பையையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது.

மறுநாளும் தள்ளினார். அதற்கடுத்த நாள் நான் பையை எடுத்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் கோபம் வந்தது. வேலை, சமையல், அவரைக் குளிப்பாட்டுவது, மருத்துவமனை என்று ஓடி ஓடி உடம்பு விட்டுப்போயிருந்தது. "வேணாம்னா விடுங்க. நீங்க ஒண்ணும் படிக்க வேணாம். நான் படிச்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

பக்கத்துக்கு ஒரு சொல். முதல் பக்கத்தில் ஒரு பாறாங்கல். "கல்," என்றேன் சத்தமாக. எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னேன். அடுத்த பக்கத்தில் பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு பிள்ளை. "பல்," என்றேன். மூன்றாவது பக்கத்தில் பெரிய பழுப்பு மாடு ஒன்று தலை குனிந்து நின்றது.

"மாடு," என்றேன்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"மாடு," என்றேன் மறுபடியும், அவருக்குக் கேட்கட்டும் என்று.

"பு!" என்று ஒரு சத்தம். தொண்டையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த சத்தம். திரும்பிப் பார்த்தேன். அப்பா முன்னால் சாய்ந்து, விழுந்துவிடுவார்போல, புத்தகத்தை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பு... பு... புல்!"

குனிந்து பார்த்தேன். மாட்டின் வாய்க்குக் கீழே கொஞ்சம் பச்சை. அந்தப் பக்கத்தின் சொல் புல்தான். வாழ்நாள் முழுவதும் தவறான மொழிபெயர்ப்பைப் பொறுக்காத மனிதருக்கு, நான் புல்லை மாடு என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

நான் எழுந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத்தான் காட்டினார். அடுத்த பக்கம்.

படத்தைக் கையால் மறை

"பிள்ளைங்களும் இதைத்தான் செய்வாங்க மாலதி," என்று சிரித்தார் பரமேஸ்வரி டீச்சர். "படத்தைப் பார்த்து அடிச்சு விடுவாங்க. படிச்ச மாதிரியே இருக்கும். கையால படத்தை மறைச்சுட்டுப் படிக்கச் சொல்லுங்க, அப்பத் தெரியும் வண்டவாளம்."

விடுப்பு எடுத்த ஒரு காலை அவர் வகுப்பின் கடைசியில், முழங்கால் மார்பில் இடிக்கும் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முப்பது குரல்கள் ஒன்றாக, "இது... எங்கள்... வீடு," என்று இழுத்தன. பக்கத்தில் இருந்த சிறுமி என் புத்தகத்தை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, அது 'ல' இல்ல, 'ள'," என்று என் காதில் சொன்னாள். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அந்தப் புத்தகங்களைப் பற்றி எனக்கு நிறையப் புகார் உண்டு. ஒன்றில் பூனை நீர்நாய் மாதிரி இருக்கும். ஒன்றில் உரல் என்று போட்டு ஒரு படம். நான் அதைப் பூந்தொட்டி என்று நினைத்தேன். தமிழ்நாட்டில் அச்சான புத்தகங்களில் ஆட்டோ ஓடும். இங்கே அச்சானவற்றில் டுரியான் காய்க்கும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே வரிதான் என்று முடிவு செய்தவர் யாரோ, அவர் நல்லவர். மீதி இடமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் அப்பா மூச்சு விட்டுக்கொள்வார்.

வாரங்கள் போனதில் அப்பா பெயர்ச்சொற்களைப் பிடித்துவிட்டார். மரம், படகு, வீடு, நாய். ஆனால் வினைச்சொல்லில் வந்து நின்றுவிட்டார். "ரயில் போகிறது" என்ற வரியில் "போ" என்பதற்கு மேல் நாக்கு நகராது. போகிறான் என்பதும் போ. போனாள் என்பதும் போ. போகாதே என்பதும் போ. யார், எப்போது என்பதெல்லாம் அந்தச் சொல்லின் வாலில்தானே இருக்கிறது? அந்த வால்கள்தான் அவருக்கு வரவில்லை.

அதனால் நாங்களாக ஒரு வழி வைத்துக்கொண்டோம். வினைச்சொல்லைச் சொல்லிவிட்டு யார் என்று கையால் காட்டுவார். "வா" என்று என்னைக் காட்டினால் நான் வர வேண்டும். "போ" என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டால் அவர் குளியலறைக்குப் போக வேண்டும்.

இது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த பாஷை.

குளியலறைக் கதவு

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவார். ஒரு நாள் அவர் கிளம்பிய பிறகு பினாங்குப் பாலத்துப் பக்கம் விபத்து என்று சாலை அடைத்துக்கொண்டது. நான் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வந்து கிரில் கதவைத் திறக்கும்போது உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்பா குளியலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கதவுக்குக் குறுக்கே கால். கதவு ஒரு கை நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. இடுக்கு வழியாகக் கையை விட்டு அவர் காலைத் தடவினேன். சில்லென்று இருந்தது.

"அப்பா! அப்பா!"

பிறகு உள்ளேயிருந்து, "வா," என்று வந்தது. "வா. வா."

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவின் கீலைக் கழற்றினார். நெற்றியில் அடி, இடுப்பில் கன்றல், எலும்பு முறியவில்லை. ஆனால் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் போனில் வெடித்தார். அப்பாவின் கட்டில்வரை கேட்டது அந்தச் சத்தம்.

"போதும் மாலதி. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். உன் அண்ணி வீட்டுலதான் இருக்கா. இங்க பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணுக்குத் தமிழும் தெரியும்."

"எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் அப்பாவைப் பார்க்க வந்தீங்க? இப்பதான் ஞாபகம் வருதா?"

"சண்டை போடாதே. அவர் விழுந்து செத்துப் போயிருந்தா?"

அந்த வாரம் முழுக்க நான் வேலையில் ஒழுங்காக ஓர் எண்கூடத் தட்டவில்லை. அப்பாவை என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார் என்றே தோன்றியது. தமிழ் தெரிந்த பயிற்சியாளர் என்பதை நான் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை.

அந்த மேசையில்

ஆக, ஞாயிற்றுக்கிழமை. "ஏன் இதைக் கொடுத்து வச்சிருக்கே?" என்று அண்ணன் கேட்ட இடத்தில் விட்டேன்.

"அவர் 'ஆமா'ங்கிறதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது அண்ணே," என்றேன். "எல்லாத்துக்கும் அதுதான் வருது. அவர் நினைக்கிறது இந்தப் புத்தகத்து வழியாத்தான் கொஞ்சம் வருது."

"அப்ப நீ நினைக்கிறதுதான் அவர் நினைக்கிறது, அப்படித்தானே?"

"நீங்க மட்டும் என்ன பண்றீங்க? சாமான் கட்ட பெட்டியோடதானே வந்து நிக்கிறீங்க?"

"நான் மகன்லா!"

"நான் யாரு?"

அப்பா மேசையில் ஓங்கி அடித்தார். தட்டு துள்ளியது.

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். இடது கை விரல்களால் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நாய் போனது. மரம் போனது. சிவப்புக் கூரை போட்ட வீடு வந்ததும் நின்றார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"இது... எங்... எங்... வீடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முகம் ஒரேயடியாகக் களைத்துவிட்டது. நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆமாம், அந்தச் சொல்லையேதான் நினைத்தேன்.

அப்பா கையை எடுத்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ரயில்.

"போ," என்றார் அப்பா அண்ணனைப் பார்த்து. "போ. போ."

அண்ணன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சரிந்தது. "சரிப்பா," என்றார். குரல் உடைந்திருந்தது. "எங்க வீடு, நீ போன்னு சொல்றீங்க. புரியுதுப்பா. நான் போறேன்." மேசையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். குனிந்து காலணியைத் தேடினார். அவர் முதுகு குலுங்கியது.

அப்பா தன் இடது கையை நெஞ்சின்மேல் வைத்திருந்தார்.

"போ," என்றார் மறுபடியும். உள்ளங்கையால் நெஞ்சைத் தட்டினார். ஒருமுறை, இன்னொரு முறை.

அண்ணன் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. அதன் பொருள் அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அண்ணன் காலணியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கோபத்தில் பல மாதம் வர மாட்டார். அப்பா என்னோடு இருப்பார். சாயங்காலம் புத்தகம் படிப்போம்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. நான் சொல்வேனா, மாட்டேனா என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கண்களில் கெஞ்சல்கூட இல்லை. காத்திருந்தார், அவ்வளவுதான்.

வெளியே காடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே!" என்றேன். எழுந்து ஓடினேன். "அண்ணே, நில்லுங்க! உங்களைப் போகச் சொல்லல. அவர் போறேன்னு சொல்றாரு. உங்ககூட."

அண்ணன் காடிக் கதவைப் பிடித்தபடி நின்றார். நம்பாமல் பார்த்தார். "நீ எனக்காகச் சொல்லாதே மாலதி."

"உங்களுக்காகச் சொல்லுவேனா நான்?"

உள்ளே கூட்டிவந்தேன். "அப்பா, யாரு போறது? அண்ணன் மட்டும் போகணுமா?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றார் அப்பா. சொன்னதும் அவருக்கே பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு எட்டி, அண்ணன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

அண்ணன் அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்து அழுதார். நான் போய்த் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினேன். மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கிள்ளான்

அவர் போன பிறகு வீட்டில் அந்தத் துணிப் பை இருந்தது. முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் எடுத்தேன். டீச்சர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையை வாங்கிக்கொண்டு அடுத்த நிலைப் புத்தகங்களைக் கையில் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று வரி. பிறகு பக்கத்துக்குப் பாதி. பிறகு படமே இல்லாதவை. இந்தக் கதையை இன்று தமிழில் எழுதுகிறேன் என்றால் அதற்கு அந்தப் பைகள்தான் காரணம். கோபத்திலும் தனிமையிலும் படித்தேன். எப்படிப் படித்தால் என்ன, எழுத்து வந்துவிட்டது.

அப்பா எனக்காகத்தான் போனார் என்று முடிவு கட்டியிருந்தேன். நான் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கரைந்துபோவதைப் பார்க்க மாட்டாமல், தன் வீட்டை விட்டுக் கொடுத்துப் போயிருக்கிறார் என்று. அதை நினைத்து நினைத்து அழுவேன். அந்த அழுகையில் ஒரு பெருமையும் இருந்தது.

சில மாதம் கழித்துப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டி, சட்டை தேய்த்து, நன்றாக இருந்தார். தமிழ் தெரிந்த அந்தப் பயிற்சியாளர் உண்மையாகவே இருந்தார். வாரத்தில் பல நாள் வருகிறாராம். அண்ணன் சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ரயிலில் வரும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

"எனக்காகத்தானேப்பா இங்க வந்தீங்க? நான் கஷ்டப்படக் கூடாதுன்னுதானே?"

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. பழைய பழக்கத்தில் எடுத்துக் கொடுக்கப் போனேன். கையை உயர்த்தித் தடுத்தார். காத்திருந்தேன். சமையலறையில் கரண்டி கோப்பையில் மோதும் சத்தம்கூட நின்றுவிட்டது.

"இல்ல," என்றார்.

தெளிவாக. திடமாக. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறுவதுபோலச் சொன்னார்.

"எனக்கு... பேச... பேசணும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் நான் வளர்த்து வைத்திருந்த தியாகக் கதை ஒரே நொடியில் போயிற்று. எனக்காக அல்ல. அண்ணனுக்காகவும் அல்ல. பேச்சு எங்கே கிடைக்குமோ அங்கே போயிருக்கிறார். கிள்ளானில் தமிழ் தெரிந்த பயிற்சியாளர் இருக்கிறார் என்று அண்ணன் போனில் கத்தியதை அவரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்?

பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. அப்பாவும் சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால்.

"என்னப்பா அப்படிப் பேசணும்?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை.

"நெறைய," என்றார்.

நான் தரையிலிருந்து எழுந்து, நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.